சுத்தம் பண்ணச் சொன்ன சாமி

தர்மபுரி,
ஐப்பசி மழைநாள்.

அன்பு மகன் சவரிமுத்துவுக்கு,

சர்வேசுரன் கிருபையால் இங்கே மழை உண்டு, எனக்கு இருமல் உண்டு, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. "காட்சிச்சாலைத் தோட்டத்தை வெட்டப் போகிறார்களாம் அம்மா. நான் அங்கே இருந்திருந்தால் இது நடக்குமா? வேலையை விட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். யாரோ உனக்குப் பாதிக் கதையைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பட்டணத்துக் காட்சிச்சாலையில், அதுவும் செடிகொடிப் பிரிவில், உனக்குக் கிடைத்திருக்கிற வேலையை உதறுவதற்கு முன்னால் இதைப் படித்து முடித்துவிடு. தோட்டம் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கடைசித் தாளுக்குத் தாவாதே. சின்ன வயசில் கதைப்புத்தகத்தை எல்லாம் நீ அப்படித்தான் படிப்பாய். நடந்ததை மட்டும் சொல்ல ஒரு கார்டு போதும். நீ செய்தது என்ன என்பது உனக்கே சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை தாள். இதில் ரகசியம் எதுவும் இல்லை, உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டு.

நம் ஊர்க் காட்சிச்சாலையில் நீ வேலைக்குச் சேர்ந்த நாளில் அந்த இடம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். எந்தக் காலத்திலோ ஒரு துரை கட்டிய பங்களா. கடத்தூர்ப் பக்கமும் மற்றப் பக்கமும் வயல் வரப்பில் நின்ற பழைய நடுகற்களை அவர் வண்டி வண்டியாக ஏற்றிவந்து தோட்டத்தில் நட்டுவைத்தார். அவர் கப்பலேறிப் போன பிறகு ஜில்லா போர்டார் அதை எடுத்துக் காட்சிச்சாலை என்று பலகை மாட்டினார்கள். ஊரார் அதைக் கல்லு பங்களா என்றே சொன்னார்கள். பட்டணத்தில் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றும், மிருகங்கள் இருக்கிற இடத்துக்கு உயிர் காலேஜ் என்றும் பேர் வைத்திருக்கிறார்களே, அதைச் சொல்லி, "பி.ஏ. படித்துவிட்டுச் செத்த காலேஜுக்கா போகிறாய்?" என்று நான் உன்னைக் கேலி செய்தேன். முன்பக்கம் வட்டமாக ஒரு புல்தரை, அதைச் சுற்றிச் செங்கல் கரை, குரோட்டன்ஸ் வரிசை. அதற்குத் தண்ணீர் இறைத்தே கோடையில் கிணறு காய்ந்துவிடும். பின்பக்கம் முழுக்க உண்ணிச்செடி. பூ அழகாக இருக்கிறது என்று துரைசானி வேலிக்கு வைத்தாளாம். ஆடு அதைத் தின்னாது, மற்றதை எல்லாம் தின்னும். விறகுக்கு வருகிறவர்களும் மற்றதைத்தான் வெட்டுவார்கள். அதனால் நம் மண்ணின் செடி ஒன்றுகூட இல்லாமல், உண்ணி மட்டும் ராஜாவாக உட்கார்ந்திருந்தது.

அந்தக் கற்களுக்கு எண்ணெய் பூச, மஞ்சள் தடவ என்று பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல் என்று போர்டாரின் பலகை சொல்லும். நம் பக்கத்துச் சனங்களுக்கு அது வேடியப்பன், வில்லும் கையுமாக நிற்கிற சாமி. கல்லை இடம் மாற்றினால் சாமி மாறிவிடுமா? உனக்கு முன்னால் இருந்தவர்கள் "பொருள்களைத் தொடாதே" என்று எழுதிவைத்துக் காவலாளியை விட்டு அவர்களை விரட்டினார்கள். நீ சேர்ந்த பிறகும் கொஞ்ச நாள் அதுதான் நடந்தது. அப்புறம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன், கையில் எடுத்த கவளத்தை வைத்துக்கொண்டே யோசித்தாய். என்னடா என்றேன். ஆடு மேய்க்கிற கெம்பம்மா விறகுக் கட்டோடு வந்தவள், கேட்டுக்கு வெளியிலேயே கட்டை இறக்கிவைத்து, இடுப்பில் செருகியிருந்த அரிவாளையும் அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாளாம். ஏன் என்று கேட்டாயாம்.

"சாமி எடமுங்க. வெறகுக் கட்டோட உள்ள போனா அவரு காட்டுல திருடுன மாதிரி ஆவாதுங்களா? வேடியப்பன் காட்டுல குச்சி ஒடிச்சா கை விளங்குமுங்களா?"

சோறு ஆறிப்போக நீ அதையே திரும்பத் திரும்பச் சொன்னாய். சாமி இருக்கிற இடம் அவர்களுக்குக் காடு, அந்தக் காட்டில் ஒரு குச்சியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். அப்படியானால் தோட்டத்துக்கு வேலி எதற்கு, காவல் எதற்கு? மறுநாளே பலகையைக் கழற்றினாய். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், கல்லில் எழுத்து இருக்கிற பக்கத்தில் மட்டும் எண்ணெய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாய். அவர்களும் சரி என்றார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வேடியப்பனுக்கு வாசல் திறந்துவிட்டான் என்று நம் தெருவில் என்னென்ன பேசினார்கள் தெரியுமா? நான் உன்னிடம் சொல்லவில்லை. நீ சந்தோஷமாக இருந்தாய், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நீ பண்ணிய கூத்து கொஞ்சமா! வெப்பாலைக் காய் வெடித்தால் விதை பஞ்சோடு பறந்துவிடும் என்று, என் தையல் பெட்டியிலிருந்து நூலை எடுத்துப் போய் மரத்திலேயே ஒவ்வொரு காயையும் சுற்றிக் கட்டிவிட்டு வந்தாய். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், "வாத்தியாரம்மா, உங்க வூட்டு அண்ணன் மரத்துக்கு ஜடை பின்னுதுங்க" என்று வந்து சொன்னார்கள். ஆடுகள் இலந்தையை விழுங்கிவிட்டு, பட்டியில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பும், அது நன்றாக முளைக்கும் என்று கெம்பம்மாவின் பட்டியை நீயே கூட்டினாய். வெள்ளை வேட்டியோடு, கையில் விளக்குமாறோடு! அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அவளுக்குப் பட்டி சுத்தமானது, உனக்கு விதை கிடைத்தது. ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு. சித்தேரி மலை அடிவாரம்வரை வண்டியில் போய் உசில் விதையும் களா விதையும் கொண்டுவந்தாய். ஆவாரையை மட்டும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, அது நம் வீட்டுப் பின்னாலேயே கிடந்தது.

சவரி, இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்கு உன்னிடம் ரொம்பப் பிடித்தது. உண்ணியைப் பிடுங்கினால்தான் நீ வைத்தது எதுவும் வளரும். ஆளைக் கூப்பிட்டாய். வந்தவர்கள் கேட்டைத் தாண்டியதும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். "நீங்கதான சார் இது வேடியப்பன் காடுன்னு சொன்னீங்க? இங்க எப்படிங்க கத்தி வெக்கிறது?" என்றார்கள். ஆவாரைக்கு ஒரு நியாயம், உண்ணிக்கு ஒரு நியாயம் என்று சாமி சொல்லவில்லையே! நீ போட்ட முடிச்சு உன் கழுத்தையே சுற்றிக்கொண்டது. பூசாரி மாதையன்தான் வழி சொன்னார், பூக்கேட்டுப் பார்க்கலாம் என்று. கல்லின் இரண்டு தோளிலும் ஈரப் பூ ஒட்டுவது, வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடப்பக்கத்துப் பூ விழுந்தால் இல்லை என்பது அவர்கள் வழக்கம். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

அன்றைக்கு நீ என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். காற்றடித்தது, இன்னொரு தரம் கேளுங்கள் என்றிருக்கலாம். வெளியூரிலிருந்து ஆள் பிடித்து வந்திருக்கலாம். போர்டு உன் பக்கம், உனக்கு அந்தச் சாமியிடம் நம்பிக்கையும் கிடையாது. நீ, "சரிங்க, சாமி வேண்டாங்குது. அடுத்த வருஷம் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி கேட்டாய். அந்த வருஷம் நீ வைத்ததில் பாதிக்குமேல் உண்ணியின் நிழலில் செத்துப்போனது. தினமும் போய்ப் பார்த்துவிட்டு முகம் வாடித் திரும்புவாய். ஆனாலும் ஒரு செடியில் கை வைக்கவில்லை. எனக்கு ஆற்றாமையாக இருந்தது. "உன் சாமியா அது? ஏண்டா இப்படிக் காத்துக் கிடக்கிறாய்?" என்று கேட்டேன். "கேட்டது நான்தானே அம்மா? இல்லைன்னு வந்தா மட்டும் கேக்காத மாதிரி இருக்க முடியுமா?" என்றாய். பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு மரியாதை என்றால் கையைக் கட்டு, எழுந்து நில் என்று சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டால், அவர் இல்லை என்று சொல்லவும் இடம் விட்டுத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருவாள். அவள் ஒன்றை வேண்டாம் என்றால், அந்தப் பூவை ஏற்றுக்கொண்டதுபோலவே அதையும் ஏற்றுக்கொள். அதைவிடப் பெரிய புத்திமதி என்னிடம் இல்லை.

மறு வருஷம் மழை முடிந்து கேட்டபோது வலப்பக்கத்துப் பூ விழுந்தது. கூலிக்கு நீ கூப்பிட்டது சில பேரை. வந்ததோ ஊரே. ஒரு வருஷம் நீ பொறுத்திருந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். மண் இளகியிருந்ததால் கடப்பாரை வைத்து வேரோடு நெம்பி, வேர் மேலே பார்க்கத் தலைகீழாகப் போட்டுக் காயவைத்தார்கள். அதற்குப் பிறகு உசிலும் வெப்பாலையும் வளர்ந்த வேகம்! இலந்தையும் காரைச்செடியும் முள்வேலி மாதிரி நின்றன, அவற்றின் நடுவே மெதுவாக வளர்கிற மற்றது எல்லாம் தப்பித்தது. கௌதாரி வந்தது, உடும்பு வந்தது, ஆவாரை பூத்தால் மஞ்சள் பட்டாம்பூச்சி கணக்கில்லாமல் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்த்தான் நான் செடிப் பாடமே நடத்தினேன். உலக யுத்த காலத்தில் அடுப்புக்கு விறகில்லாமல் ஊர் தவித்தபோதுகூட அங்கிருந்து ஒரு சுள்ளி வெளியே போகவில்லை. போன வருஷம் பட்டணத்து வேலைக்கு உத்தரவு வந்ததும் நீ ரயிலேறினாய். போகும்போது என்னைப் பார்த்தாயோ இல்லையோ, அந்தப் பக்கம்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாய்.

இனி உனக்கு வந்த பாதிக் கதைக்கு வருகிறேன். காட்சிச்சாலைக்குப் புது சூப்பிரண்டு வந்திருக்கிறார். தெற்கத்திக்காரர், சுறுசுறுப்பானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாரோ பெரிய அதிகாரி காட்சிச்சாலையைப் பார்க்க வருகிறார் என்று தாக்கீது வந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னைப் பார்த்து, "இது தோட்டமாம்மா? முள்ளுக்காடு! நாலு நாற்காலி போட இடமில்லையே, பெரியவங்க வந்தா எங்க உட்காருவாங்க?" என்று வருத்தப்பட்டார். எல்லாவற்றையும் வெட்டி மட்டமாக்கிப் புல் பதிக்க வேண்டும், பந்தல் போட வேண்டும் என்று ஆள் கூப்பிட்டார். அவர்கள் வழக்கம்போல அரிவாளைக் கேட்டிலேயே வைத்துவிட்டார்கள். கெம்பம்மா என்னிடம் ஓடிவந்தாள். "நம்ம சவரி சார் வெச்சதெல்லாம் போவுதுங்க வாத்தியாரம்மா" என்று அழுதாள். பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டுப் போனேன்.

நான் போய்ச் சேருவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சூப்பிரண்டு புத்திசாலி. நீ பூக்கேட்ட கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "சரி, உங்க சாமியையே கேப்போம். உத்தரவு கொடுத்துட்டா அப்புறம் யாரும் பேசக்கூடாது" என்றார். மாதையன் பூவை ஒட்டினார். சூப்பிரண்டு செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து, ஊருக்கே கேட்கிற குரலில், "சாமி, இந்த இடத்தைச் சுத்தம் பண்ண உத்தரவு கொடு" என்றார். கேட்டு வாய் மூடவில்லை, வலப்பக்கத்துப் பூ பொத்தென்று விழுந்தது.

கெம்பம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பிரண்டு கைதட்டி, "பார்த்தீங்களா? ஆரம்பிங்க" என்றார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்டுப் பக்கம் அரிவாள் எடுக்க நகர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சாமி சொல்லிவிட்டது, அவ்வளவுதான். நீ அங்கே இருந்திருந்தாலும், கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாய். எனக்கு உன் அளவுக்குப் பொறுமை கிடையாது. அதோடு, இருபது பிள்ளைகள் எழுதுகிற கட்டுரையைத் தினம் திருத்துகிறவளுக்கு ஒரு வார்த்தை காதில் இடறினால் தெரியாமல் போகாது.

"பூசாரி, கொஞ்சம் இருங்க. சார் சாமிகிட்ட என்ன கேட்டாரு?" என்றேன்.

"சுத்தம் பண்ணலாமான்னு கேட்டாருங்க."

"நீங்க கோயில சுத்தம் பண்ணுறதுன்னா என்னா பண்ணுவீங்க?"

"கூட்டுவோமுங்க. குப்பை செத்தையெல்லாம் வாரிப் போட்டுட்டுத் தண்ணி தெளிப்போம்."

"கோயில இடிப்பீங்களா?"

"அய்யோ, என்னாங்க வாத்தியாரம்மா இப்படிக் கேக்கறீங்க!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், பாதியிலேயே கையை நிறுத்திவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. கூட்டத்தைப் பார்த்து, "டேய், அருவாளை அங்கயே வையுங்கடா! சாமி வெட்டச் சொல்லுல. சுத்தம் பண்ணத்தான் சொல்லியிருக்குது. வெளக்குமாறு எடுத்தாங்க!" என்று சத்தம் போட்டார்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரே உள்ளே இறங்கிவிட்டது. உடைந்த சட்டி, பீடித்துண்டு, காகிதம், காற்றில் வந்து ஒதுங்கிய கந்தல் எல்லாவற்றையும் வாரினார்கள். நீ போன பிறகு அங்கங்கே தலைகாட்டியிருந்த உண்ணிக் கன்றுகளைத் தேடித் தேடி வேரோடு பிடுங்கினார்கள். மழை ஈரம், கையோடு வந்தது. உசிலில் ஒரு இலை உதிரவில்லை. கெம்பம்மாவுக்கு ஆவேசம் வந்து குரோட்டன்ஸ் வரிசைக்கும் போய்விட்டாள். "இதுவும் நம்ம சாமி செடி இல்லீங்களே!" என்று அவள் ஒன்றைப் பிடித்து அசைத்தபோது சூப்பிரண்டு ஓடிவந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார். "இத விடும்மா, இது கவர்மெண்டு செடி!" என்றார். அவர் நின்ற நிலையைப் பார்த்துக் கூட்டம் சிரிக்க, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கூடவே சிரித்ததால் எனக்கு அவர்மேல் கோபம் போய்விட்டது.

வேடியப்பன் முன்னால் நின்று வழக்காடியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொன்னேன். உள்ளே அவர் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. பாவப் பரிகாரமாக மாதாவுக்கு ஒரே ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பந்தலைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் போட்டார்கள். அதிகாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சூப்பிரண்டு நம் வீட்டுக்கே வந்தார். "அம்மா, அவர் கேட்டா சொல்லணும். அந்த மரமெல்லாம் என்ன பேரு?" என்றார். கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். களாப்பழம் பறிக்கப் போனவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டு, "பறிக்கலாமா, அதுக்கும் கேக்கணுமா?" என்று கேட்டார். கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்றேன். குனிந்து பொறுக்கினார். மறுநாள் அந்த அதிகாரி கற்களைப் பார்த்ததைவிட ஆவாரையில் மொய்த்த பட்டாம்பூச்சியைத்தான் அதிக நேரம் பார்த்தார். இதை யார் வளர்த்தது என்று கேட்டார். உன் பேரைச் சொல்வார் என்று நான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். சூப்பிரண்டு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது எங்க காடுங்க" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது, மறைக்க மாட்டேன். என் பிள்ளை பட்டி கூட்டியது, ஒரு வருஷம் வாடியது எல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மனசு தெளிந்தது. வெட்ட வந்தவரையே எங்கள் காடு என்று சொல்லவைத்துவிட்டதே, இதற்கு மேல் உன் வேலைக்கு என்ன பெருமை வேண்டும்? நீ இல்லாவிட்டால் அழிந்துபோகும் என்று பயந்து ஓடிவரப் பார்க்கிறாய். நீ இல்லாமலேதான் அது பிழைத்தது. கெம்பம்மா இருக்கிறாள், மாதையன் இருக்கிறார், இப்போது சூப்பிரண்டும் இருக்கிறார். ராஜினாமா எழுதியிருந்தால் கிழித்துப் போடு. உனக்கு அங்கே வேலை இருக்கிறது, இங்கே அந்தக் காட்டில் உனக்கு இனி வேலை இல்லை. இதைச் சொல்லும்போது உனக்கு வலிக்கும் என்று தெரியும். வலித்தாலும் தலை நிமிர்ந்து கேட்டுக்கொள், இது எல்லோருக்கும் கிடைக்கிற வலி இல்லை.

ஆனால் ஒன்று. காட்டுக்குத்தான் நீ இல்லாமல் இருக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு இன்னும் தெரியவில்லை. சோறு வடிக்கும்போது இன்றைக்கும் கை தானாக இரண்டு பேருக்கு அரிசி எடுக்கிறது. ஆண்டவர் பிறந்த திருநாளுக்கு லீவு கேள். காட்டைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு வராதே, என்னைப் பார்க்க வா.

உன் அம்மா.